குழாயில் திரண்ட கஞ்சி

அன்புள்ள பாபு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு என்று வைத்தால் ஊரைச் சுற்றி வந்து, சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று உனக்கே தெரியும். நீ பதினொன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்காட்சியில் உன் கண்ணாடிக் குழாயில் பஞ்சு போல வெள்ளையாகத் திரண்டு நின்றதே, அதில் முக்கால்வாசி வாழைப்பழத்தின் டி.என்.ஏ. இல்லை. அது என் ஜவ்வரிசிக் கஞ்சி. பழத்தை வடிகட்டுவதற்கு நீ கேட்ட துணிக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து உன் பையில் வைத்தது நான்தான். உன் கூட்டாளி ஏழுமலை இல்லை.

நேரில் சொல்லலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாய், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய். ஆனால் நீ எதிரில் உட்கார்ந்தால் எனக்குக் கிண்டல்தான் வாயில் வருகிறது. "மாப்ள சாருக்கு இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா" என்று ஆரம்பித்தால் அதிலேயே பொழுது போய்விடுகிறது. நான் நாலாவதோடு நின்றவள். எழுதினால்தான் எனக்கு வாய் அடங்கும் போலிருக்கிறது. இஸ்திரி வண்டியில் பெட்டிக்குக் கரி கனலும் நேரத்தில், யாரோ ஒருவரின் வேட்டிமேல் நோட்டை வைத்து, மூன்று நாளாக இதை எழுதுகிறேன். கவரில் போட்டு ஒட்டப் போவதில்லை. யார் கையில் கொடுத்தனுப்புகிறேனோ அவர் பஸ்ஸில் படிக்கட்டும், பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்கட்டும். ஏழுமலைக்குக் கெட்ட பேர் வந்தது பள்ளிக்கூடமே கூடி நின்ற இடத்தில். அதை ஒட்டின கவருக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் அது என்ன நியாயம்?

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் நைனாவும் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தீர்கள். "ஏழுமலைக்கு எழுதலயா? சாலவாக்கத்துலதானே கீறான்" என்று நைனா கேட்டார். நீ பேனாவைக்கூட நிறுத்தவில்லை. "கஞ்சி ஊத்தினவனுக்கு இன்னாத்துக்குப் பத்திரிகை" என்றாய். "அதுக்கு ஆச்சி பதினோரு வருசம். இன்னுமாடா அதயே சொல்லிக்கினு கீற?" என்றார் அவர். "நைனா, அவன் பேர எடுக்காத. பந்தல்ல அவன் மூஞ்ச பாத்தா எனக்குச் சோறு எறங்காது" என்றாய். நான் உள்ளே பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். மத்து கையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை என்று இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தீர்களே, காரணம் இதுதான். உனக்குச் சோறு இறங்காமல் போகவேண்டியது யார் முகத்தைப் பார்த்து என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த முகம்தான் உனக்கு வாராவாரம் சோறு போடுகிறது.

ஏழுமலை யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். வழியில் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆறாவதிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் அம்மா விடிகிற நேரத்திலேயே நடவுக்குப் போய்விடுவாள். அவன் நேராக நம் வீட்டுக்கு வந்து, "யம்மா, இன்னா நாஷ்டா" என்று கேட்டுக்கொண்டே தட்டை எடுத்து வைத்து உட்காருவான். "வாங்க கலெக்டரே, உனக்கோசரம்தான் அடுப்பே பத்த வெச்சேன்" என்பேன். "ரெண்டு இட்லில ஜில்லாவ எப்படிம்மா பாக்கறது, நாலா வை" என்பான். என் கிண்டலுக்கு அந்த இடத்திலேயே பதில் கொடுத்தவன் இந்த ஊரில் அவன் ஒருவன்தான். நீ சிரிக்க மாட்டாய், யோசித்துப் பேசுவாய். உன் நைனாவுக்கு நான் கிண்டல் செய்தது மறுநாள்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி, அதில் தேறினால் காஞ்சிபுரத்தில் ஜில்லா கண்காட்சிக்குப் போகலாம் என்று இரண்டு பேரும் வந்து நின்றீர்கள். பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்க, டீச்சர் வைத்திருந்த புத்தகத்தில் ஸ்ட்ராபெரி என்று ஒரு பழம் போட்டிருந்ததாம். உத்திரமேரூர் பஜாரில் அதற்கு எங்கே போவது? ஏழுமலை பழக்கடையில் கேட்டுவிட்டு வந்தான். "அந்த வாசனையில சோப்பு கீதாம், பழம் இல்லியாம்" என்றான். பிறகு டீச்சரே வாழைப்பழம் போதும், நன்றாகப் பழுத்ததாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நம் வீட்டு அடுப்படிதான் உங்களுக்குப் பரிசோதனைக் கூடம். பழத்தை மசித்தீர்கள். தண்ணீரில் உப்பையும் என் ஷாம்பு பாக்கெட் ஒன்றையும் கலந்து அதில் ஊற்றினீர்கள். நுரை வரக் கூடாது என்று நீ ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டே கலக்கவைத்தாய். துணியில் வடிகட்டினீர்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கெஞ்சி வாங்கின ஸ்பிரிட்டை ஐஸுக்குள் புதைத்துச் சில்லென்று ஆக்கினீர்கள். அந்த ஐஸை ஏழுமலை மீன்காரம்மாவிடம் வாங்கி வந்திருந்தான். இரண்டு நாள் நம் வீட்டில் சாம்பார்கூட மீன் குழம்பாகத்தான் மணந்தது. நீ குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஸ்பிரிட்டை ஓரமாக ஒழுகவிட்டாய். கீழே பழத் தண்ணீர், மேலே ஸ்பிரிட். இரண்டும் தொடுகிற இடத்தில் சிலந்தி நூல் போல வெள்ளையாக என்னமோ மெதுவாக மேலே ஏறியது. நீ மூச்சே விடவில்லை.

"இன்னாடா அது?" என்றேன்.

"அதான்மா டி.என்.ஏ. இந்தப் பழம் ஏன் வாழைப்பழமா கீது, ஏன் மாம்பழமா இல்லன்னு அதுலதான் எழுதிக்கீது."

"எழுத்தையே காணமே."

"கண்ணுக்குத் தெரியாதும்மா. எக்கச்சக்க நூலு ஒண்ணா சேந்துதான் இந்த அளவுக்குத் தெரியுது."

"உனக்குள்ளயும் கீதா?"

"கீது. பாதி உங்கிட்டர்ந்து, பாதி நைனாகிட்டர்ந்து."

"அப்ப அந்தக் கொறட்ட எம்பக்கத்துது இல்ல" என்றேன். ஏழுமலை சிரித்த சிரிப்பில் குழாய் கையைவிட்டு நழுவப் பார்த்தது. நீ அவனைத் திட்டினாய்.

ஷாம்பு எதற்கு என்று கேட்டேன். பழத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, ஒவ்வோர் அறையையும் சுற்றிக் கொழுப்பால் ஆன ஒரு படலம், சோப்பு அதைக் கரைத்து உடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்றாய். சட்டைக் காலர் பிசுக்கோடு தினமும் மல்லுக்கட்டுகிறவளுக்கு அது புரியாமல் போகுமா? உப்பு எதற்கு என்றும் சொன்னாய். அந்த நூல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்குமாம், உப்பு போட்டால் சண்டையை விட்டுவிட்டுக் கிட்டே வந்து சேருமாம். ஸ்பிரிட்டில் அவை கரையாது, அதனால் தண்ணீரைவிட்டுப் பிரிந்து வந்து திரளும். சில்லென்று இருந்தால் இன்னும் நன்றாகத் திரளும். இன்னொன்றும் சொன்னாய். அந்த வெள்ளை முழுக்க டி.என்.ஏ. இல்லை, பழத்தின் பசையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும், அதையும் அட்டையில் எழுதிவைக்க வேண்டும் என்று. எழுதியும் வைத்தாய். யாரும் கேட்காத குறையைத் தானே எழுதி ஒட்டுகிற பிள்ளை நீ. அந்தக் குணம் நீ சொன்ன பாதியில் என் பாதியிலிருந்து வரவில்லை.

ஏழுமலைக்கு ஒரே ஒரு குறைதான். "இத்தினிக்கூண்டு வருதேடா. சோடாபுட்டி கண்ணாடி போட்ட ஹெட்மாஸ்டருக்கு இது எங்க தெரியப்போவுது? சோறு வடிச்ச கஞ்சி ரெண்டு சொட்டு வுட்டா ஜோராத் தெரியும்" என்றான். நீ முறைத்தாய். "சும்மா சொன்னேன்டா. மூஞ்சப் பாரு, தேய்க்காத சட்ட மாதிரி" என்றான். நான் அங்கேயேதான் இருந்தேன். அது வெறும் கேலி என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதே கேலியை அவன் வகுப்பிலும் நாலு பேர் எதிரில் சொல்லிவைத்திருக்கிறான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், "மெல்லிசு துணி நாலு துண்டு வேணும்மா, சுத்தமா தொவச்சிக் குடு" என்று சொல்லிவிட்டு நீ அட்டை ஒட்டப் போய்விட்டாய். நைனாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்துத் துவைத்தேன். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் துவண்டு கிடந்தது. இஸ்திரிக்காரி வீட்டிலிருந்து, நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு, துவண்ட துணி போகலாமா? அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டு வேட்டிகளுக்காக ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன். ஜவ்வரிசிக் கஞ்சி போட்ட வேட்டி ஆள் இல்லாமலேயே நிற்கும். அதில் உன் நாலு துண்டையும் முக்கிப் பிழிந்து, காயவைத்து, பெட்டியை அழுத்தித் தேய்த்து, ஓரம் ஓரத்தோடு சேர மடித்து, செய்தித்தாளில் சுற்றி உன் பையில் வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. பிரித்துப் பார்த்ததும் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவே இல்லை. மறுநாள் அதைப் பிரித்தவன் ஏழுமலை.

பெற்றவர்களும் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் வண்டியை நைனாவிடம் விட்டுவிட்டு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரமாக நின்றேன். நடுவராகக் காஞ்சிபுரத்திலிருந்து வரவேண்டிய காலேஜ் சார் ஒரு மணி நேரம் தாமதம். அதுவரை உங்கள் பழக்கூழ் அந்தத் துணியிலேயே மூட்டையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறினால் துணியில் உள்ள கஞ்சி என்ன ஆகும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சார் வந்தார். நீ ஸ்பிரிட்டை ஊற்றினாய். சிலந்தி நூல் வரும் என்று பார்த்தால், வெள்ளை வெளேரென்று மேகம் போலத் திரண்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் பிள்ளைக்கு மட்டும் எவ்வளவு வந்திருக்கிறது பார் என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"இவ்வளவு வராதே தம்பி" என்றார் அந்த சார். குரலில் கோபம் இல்லை. பக்கத்து மேஜையில் இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கிற பெண்பிள்ளைகள் அயோடின் வைத்திருந்தார்கள். அதில் ஒரு சொட்டு வாங்கி உன் குழாயில் விட்டார். வெள்ளை மேகம் கருநீலமாகிவிட்டது. "இது மாவு. பழுத்த பழத்துல இவ்வளவு மாவு இருக்காது. கஞ்சி எதாவது ஊத்தினீங்களா?" என்றார். நீ இல்லை என்று தலையை ஆட்டினாய். பின்னாலிருந்து ஒரு பையன், "ஏழுமலதான் சார் கஞ்சி ஊத்தினா நல்லாத் தெரியும்னு சொல்லிக்கினு இருந்தான்" என்றான். "வெளையாட்டுக்குச் சொன்னேன் சார்" என்றான் ஏழுமலை. அவன் பையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. டீச்சர் அதைத் திறந்து பார்த்தார். பழைய சோறும் நீராகாரமும் இருந்தன. அவன் தினமும் கொண்டுவருகிற மத்தியானச் சாப்பாடு. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் இரண்டு பேர் பெயரையும் அடித்துவிட்டார்கள். நீ ஏழுமலையைப் பார்த்தாய். அவன் மேஜைமேல் கிடந்த துணியைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். கஞ்சி என்று அவர் சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பாபு. "சார், அது நான் போட்டது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அத்தனை படித்தவர்கள் நடுவில் என் வாய் திறக்கவில்லை. ஊரையே கிண்டல் செய்கிற வாய். நீ என்னைப் பார்ப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதுவரைக்கும் அசட்டுத்தனம். இனிமேல் சொல்வதுதான் தப்பு. நீ வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு, "யாரு செஞ்சான்னு தெரியட்டும், ஆயுசுக்கும் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பினாய். "நீ தொவைக்கும்போது துணிக்குக் கஞ்சி போட்டியாம்மா?" நான் யோசிக்கவே இல்லை. "நான் எங்கடா போட்டேன், வெறும் தண்ணில அலசினேன்" என்றேன். சாப்பிட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "மிச்சத் துணி ஒண்ணு பைல கீது, காலையில அயோடின் வாங்கியாந்து டெஸ்ட் பண்ணிப் பாத்துடறேன்" என்று சொன்னாய். நீ கை கழுவப் போன நேரத்தில் அந்தத் துணியை எடுத்து ஒளித்துவைத்தேன். நீ தூங்கினதும் அதை அடுப்பில் இருந்த வெந்நீரில் முக்கி, மூன்று தண்ணீர் அலசி, காயவைத்து, தேய்த்து, அதே செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டேன். என் பிழைப்பே அழுக்கு தெரியாமல் வெளுத்து மடித்துக் கொடுப்பதுதான். அந்த வேலையை அன்றைக்குச் செய்த அளவு சுத்தமாக நான் என்றைக்கும் செய்ததில்லை.

மறுநாள் நீ கம்பவுண்டரிடம் அயோடின் வாங்கிவந்து துணியில் சொட்டு விட்டாய். கறுக்கவில்லை. வெறும் பழுப்பாக நின்றது. நீ இன்னொரு மூலையிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாய். பிறகு, "அப்ப அவன்தான்" என்றாய். நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். வாசலில், "யம்மா, இன்னா நாஷ்டா" என்று குரல் கேட்டது. நீ எழுந்து போய்க் கதவைச் சாத்தினாய்.

நீ செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தாய். சோதிக்க உன் கையில் வந்த துணிதான் பொய். அந்த வருஷம் முடிந்ததும் ஏழுமலை மாமன் வீட்டோடு சாலவாக்கம் போய், அங்கேயே பன்னிரண்டாவது முடித்தான். இப்போது எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டித் தருகிறான். நீ மேலே படித்தாய், இன்றைக்கு விதைப் பரிசோதனை வேலையில் நெல் நாற்றிலிருந்து தினமும் அந்த வெள்ளை நூலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இங்கே எழுதினால் வேட்டி நனைந்துவிடும். ஆனால் நீயே ஒரு நாள் சொன்னாய், உன் குழாயை வேறு யாரையும் தொடவிட மாட்டாயாம், உன்னோடு சேர்ந்து வேலை செய்ய வந்தவர்கள் இரண்டு மாதத்தில் இடம் மாற்றிக் கேட்டுப் போய்விடுகிறார்களாம். "யாரையும் நம்பக் கூடாதும்மா, நான் ஒருவாட்டி நம்பி அனுபவிச்சிட்டேன்" என்றாய். நான் உன் தட்டில் அப்பளம் வைத்தேன். அந்தப் பாடத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தது ஏழுமலை இல்லை என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை. இப்போது ஒரு பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிவரப் போகிறாய். அவள் உன் குழாயையும் தொடுவாள், உன் சட்டையையும் தொடுவாள், உன்னைக் கேட்காமல் உன் மேஜையைத் துடைப்பாள். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

நானும் நைனாவும் கல்யாணமான புதிதில் நடந்ததைக் கேள். எந்த வீட்டிலிருந்து என்னென்ன துணி வந்தது என்பதை நான் சுவரில்தான் கரித்துண்டால் குறித்து வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த எழுத்தில் பாதி, கோடும் வட்டமும் பாதி. ஒரு நாள் நான் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள், பொண்டாட்டி சந்தோஷப்படட்டும் என்று உன் நைனா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். அப்புறம் ஒரு மாதம் இந்த ஊரில் பாதிப் பேர் மற்ற பாதிப் பேரின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அவர் அன்றைக்குச் சாயங்காலம், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "இந்தா, நான் ஒரு பேஜாரான வேல பண்ணிட்டேன்" என்று வந்து நின்றார். நான் திட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் யாரோ ஒரு வாத்தியார் முழங்கால் தெரிய ஒரு பொடியன் கால்சட்டையில் நடந்து போனதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் செய்ததும் நான் செய்ததும் ஒரே வேலைதான், பாபு. கேட்காமல் செய்த நல்லது. அவர் அன்றைக்கே சொன்னார், அது வீட்டில் சிரிப்புக் கதையாகிவிட்டது. நான் சொல்லவில்லை, அது ஒருத்தனுக்குக் கெட்ட பேராகிவிட்டது. அதனால் உன் பெண்டாட்டிக்கு ஏதாவது நல்லது செய்யத் தோன்றினால் முதலில் அவளைக் கேள். கேட்காமல் செய்து கெட்டுப் போனால், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடு. அவள் அப்படி ஏதாவது செய்துவிட்டால், அயோடினை எடுக்காதே. வாயால் கேள், இரண்டாவது தரமும் கேள். நீ ஏழுமலையை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

நேற்று நான் சாலவாக்கம் போய்வந்தேன். நைனாவிடம் அதற்கு முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், "போய்ட்டு வா, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். டவுன் பஸ்ஸில் வழி முழுக்க என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏழுமலை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். உடம்பு வைத்திருக்கிறான். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "இன்னா யம்மா, எனக்கோசரம் அடுப்பு பத்த வெக்க இவ்ளோ தூரம் வந்துட்டியா" என்றான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அத்தனையும் மறந்துவிட்டது. நின்றபடியே சொன்னேன். துணி, கஞ்சி, வெந்நீர் எல்லாம். அவன் மறுபடி உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டே கேட்டான்.

"தெரியும்மா" என்றான்.

"இன்னாடா தெரியும்?"

"துணியைப் பிரிச்ச ஒடனே தெரிஞ்சிது. அப்பளம் கணக்கா மொடமொடன்னு இருந்திச்சி. பழம் பட்டா நமுத்துப் பூடும்னு வுட்டுட்டேன். அந்த சார் கஞ்சின்னு சொன்னாரு பாரு, அப்பதான் எனக்குத் தலையில அடிச்ச மாதிரி ஆயிட்ச்சி."

"அப்ப ஏண்டா வாயத் தொறக்கல?"

"நீயே அங்கதானே நின்னுக்கினு இருந்த. நீ சொல்லுவன்னு பாத்தேன்."

மரத்தடியில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவனே தொடர்ந்தான். "அப்பால அவன் வந்து கேப்பான், சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவன் கேக்கல, கதவ சாத்தினான். நானா போயி உங்கம்மாதாண்டா போட்டுதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? எத்தினி நாளு உன் கையால துன்னுக்கீறேன்."

"எம்மேல கோவம் இல்லியா?"

"கீது. இல்லாம இருக்குமா?" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப் போல. அவன் பெண்டாட்டி மோர் கொண்டுவந்தாள். குடித்தேன். கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். "நீ பத்திரிக வெச்சா, உனக்கோசரம் வந்து பந்தில உக்காந்து துன்னுட்டுப் பூடுவேன். அவன் வந்து கூப்ட்டா அவன் பக்கத்துல நிப்பேன். ரெண்டும் வேற வேற" என்றான்.

இதற்கு மேல் உனக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது. என்மேல் கோபப்படு, ஞாயிற்றுக்கிழமை வராமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். கதவைச் சாத்துவதானால் எனக்குச் சாத்து, அவனுக்குத் திற. உன் பக்கத்தில் நிற்பதற்கு ஓர் ஆள் பதினோரு வருஷமாக வாயை மூடிக்கொண்டு சாலவாக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனை நம்பலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை உன் ஆபீஸில்கூட இருக்காது.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. முறையாக வைக்க வேண்டும் என்று வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையையும் தட்டில் கொண்டுபோயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்தபோது தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் வீட்டு வெள்ளாடு வந்து வெற்றிலையைத் தின்றது, பிறகு பத்திரிகையைத் தின்றது. பாக்கை விட்டுவிட்டது. ஏழுமலை ஓடிவந்து வாயிலிருந்து இழுத்ததில் ஒரு மூலை மட்டும் கிடைத்தது, அதில் பெண்ணின் பேர் இருந்தது. தேதியையும் மண்டபத்தையும் வாயால் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன், அதற்குள் பஸ் ஹார்ன் அடித்தது, நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஆகவே ஏழுமலைக்கு இப்போது நீ யாரைக் கட்டிக்கொள்கிறாய் என்று தெரியும். என்றைக்கு, எந்த இடத்தில் என்பது அந்த ஆட்டுக்குத்தான் தெரியும்.